அறுபதில் நாற்பத்தொன்று

காப்பித் தம்ளரில் எழுத்து வெட்டியிருந்தது. வலது கைக் கட்டைவிரலுக்கு அது நன்றாகத் தட்டுப்பட்டது. குண்டூசியால் கீறியதுபோல் சின்னச் சின்ன மேடும் பள்ளமும். தயாளன் தம்ளரை இடது கைக்கு மாற்றி, அதே இடத்தை ஆட்காட்டி விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. வழவழவென்று எழுத்தே இல்லாத தம்ளர். நடுவிரல், அதற்கடுத்த விரல், ஒன்றும் இல்லை. சுண்டுவிரலில் மட்டும் லேசாக ஏதோ இருந்தது. இருந்ததா, இருக்கிறது என்று தெரிந்ததால் இருந்ததா. மறுபடி வலது கைக்கு மாற்றினான். இருக்கிறது. வில்லிவாக்கத்தில் ஒரு மூன்றாவது மாடியில், செத்துப்போன நண்பனுடைய வீட்டு சோபாவில், காலை பத்தே முக்காலுக்கு, ஐம்பத்தேழு வயது ஆள் ஒருவன் தம்ளரைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பார்க்கிறவர்கள் சூடு தாங்கவில்லை என்று நினைப்பார்கள். பார்க்க யாரும் இல்லை. வேலுவின் மனைவி வத்சலா உள் அறையில் நாற்காலி போட்டு ஏறி, பீரோவுக்கு மேலிருந்து எதையோ நகர்த்திக்கொண்டிருந்தாள். இவன் உதவிக்கு எழுந்தபோது, "நீங்க உக்காருங்கண்ணா, காப்பி ஆறிடும். சர்க்கரை போடல. உங்களுக்கு சுகர்னு அவர் சொல்லியிருக்கார்" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். சுகர் என்று வேலுவுக்குத் தெரியும். விரல் மரத்துப்போவது வேலுவுக்கும் தெரியாது. இவன் மனைவி பிரேமாவுக்கும் தெரியாது. டாக்டர் ஒரு நைலான் இழையால் விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டு "இங்க தெரியுதா, இங்க தெரியுதா" என்று கேட்டபோது எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றுதான் சொன்னான். கண்ணை மூடச் சொன்னதை மறந்தவன்போலத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னான். முப்பத்தைந்து வருஷம் கிட்டார்க் கம்பியை அழுத்திக் காய்ப்புக் காய்த்த விரல் சார், அதனால் கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தான். டாக்டர் சிரித்துவிட்டு எதையோ எழுதினார். இப்போது அந்தக் காய்ப்பும் இல்லை. உரிந்து, பச்சைக் குழந்தை விரல்போல ஆகிவிட்டது. தம்ளரைக் கண்ணருகில் கொண்டுவந்து படித்தான். 'அமரர் ச. ரத்தினவேல் நினைவாக'. கீழே தேதி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தம்ளர். அதற்கு அவன் வரவில்லை.

காய்ச்சல் என்று சொல்லியிருந்தான். காய்ச்சல் இல்லை. அன்று காலையில் சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று போனை எடுத்தான், அவ்வளவுதான். உள்ளே பீரோவுக்கு மேல் இருப்பது ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். ஒரு ஜப்பான் கம்பெனி அந்த நிறத்தில், அந்த மரத்தில் அறுபதே அறுபது செய்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண் வெட்டி, அதோடு நிறுத்திக்கொண்டது. இது நாற்பத்தொன்றாவது. பதினேழாவது ஜெர்மனியில் யாரிடமிருந்தோ யாருக்கோ போனது. நம் கணக்கில் நாலரை லட்சம். பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் கண்டுபிடித்தது இதைத்தான். சட்டைப் பித்தானைக்கூட அவிழ்க்காமல் மத்தியானம் வரை ஜெர்மனிக்காரனின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கிட்டார் விற்கிற அந்த மாதிரி இணையதளங்களில் கிட்டாரைத் தரம் பிரித்திருப்பார்கள். பெட்டி திறக்காதது, புதிது போன்றது, நன்று என்று இறங்கிக்கொண்டே வந்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கும், 'பிளேயர்ஸ்' என்று. கீறல் விழுந்தது, உறுப்பு மாற்றியது, எண் அழிந்தது, யாருக்கும் வேண்டாதது எல்லாம் அந்தக் கூடையில். பிளேயர்ஸ். வாசிக்கிறவர்களுக்கு. வாசிப்பதைத் தவிர வேறு எதற்கும் ஆகாதது. முதல் தடவை படித்தபோது தனியாகச் சிரித்தான். நான் எந்தத் தரம் என்று கேட்டால் இதைச் சொல்லிவிடலாம்.

கண்டுபிடித்தது நான்தான், என்று நினைத்தான். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு எப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடும். எட்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கிய கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. நாலு நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தான். ஐந்தாம் நாள் வேலுவைக் கூட்டிக்கொண்டு போனான். வெண்சங்கு மெல்லிசைக் குழுவில் இவன் லீட் கிட்டார், வேலு பேஸ் கிட்டார், பதினோரு வருஷம் ஒரே வேனில் போய் ஒரே பாயில் தூங்கியவர்கள். பிறகு வேலு கிட்டாரை வைத்துவிட்டு டைல்ஸ் வியாபாரத்துக்குப் போனான், எழுந்துவிட்டான். கடைக்குப் போகிற வழியெல்லாம் தயாளன் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனான். வேலு, நீ வாங்கிக் குடு, நான் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடைக்காரன் மொத்தமே அறுபதுதான் செய்தார்கள் என்று சொன்னதும், எண்ணைக் காட்டியதும், வருஷத்துக்கு வருஷம் ஏறும் சார் என்று சொன்னதும் வேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பேக் பண்ணுங்க" என்றான். அன்றைக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தான். "நல்லதாக் காட்டினடா தயா. இது கிட்டார் இல்ல, பத்திரம். நிலத்துல போடறதுக்கு இதுல போடலாம்." அந்த வாக்கியம் பிரியாணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. ஆனால் கீழே இறங்கவில்லை, எட்டு வருஷமாக நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு ஏலக்காய்போல நிற்கிறது. வேலு அதை வாசித்ததே கிடையாது. யாரையும் வாசிக்க விட்டதும் கிடையாது. ஆயுத பூஜைக்கு டைல்ஸ் அறுக்கிற மெஷினுக்கும், காருக்கும், மிக்சிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பான். கிட்டாருக்கு மட்டும் பெட்டியின் கைப்பிடியில். பாலீஷில் கறை பிடித்துவிடுமாம். வருஷத்துக்கு அந்த ஒரு நாள் பெட்டியைத் திறந்து காட்டுவான். "பார்த்துக்கோ. தொடாத." அந்த ஒரு நாளுக்காக தயாளன் வருஷா வருஷம் வந்தான், பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனான். இப்படி ஒருவனை நண்பன் என்று சொல்லலாமா. சொல்லலாம், ஆஸ்பத்திரியில் கடைசி நாள் இவன் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். இடது கையை. அழுத்தினானா இல்லையா என்று தெரியவில்லை.

அதனால்தான் இதைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போவது திருட்டு ஆகாது என்று ஒரு நேரம் தோன்றும். ஆகும் என்று மறு நேரம் தோன்றும். மின்சார ரயிலில் வருகிறபோது ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ஆகாது, கொரட்டூரில் ஆகும், வில்லிவாக்கத்தில் இறங்கும்போது ரெண்டும் இல்லை, டிக்கெட் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். வத்சலாவுக்கு அதன் விலை தெரியாது. "நீங்களே ஒரு விலை சொல்லுங்கண்ணா, எனக்கென்ன தெரியும்" என்று போனில் சொன்னாள். தொண்ணூறாயிரம் என்றான். அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றாள், அது இன்னும் மோசம். பேரம் பேசியிருந்தால், என்னண்ணா இவ்வளவு கம்மியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஏறியிருப்பான். ஏறியிருப்பானா. எங்கிருந்து ஏறுவது. பேங்கில் கிடந்த ஒரே டெபாசிட்டை உடைத்துத்தான் சட்டைப் பைக்குள் கவர் இருக்கிறது. பிரேமாவிடம் முதலீடு என்று சொன்னான். தங்கம் மாதிரி, அஞ்சு வருஷம் பெட்டியிலேயே வச்சிருந்து வித்தா அஞ்சு மடங்கு, அதுதான் நம்ம பென்ஷன் என்றான். "வாசிக்க மாட்டீங்களே?" என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான், அது சரியாக அந்த இடத்தில் போய் நிற்கும். வாசிக்க மாட்டேன் என்றான். தனக்குள் வாசிப்பேன் என்று சொல்லிக்கொண்டான். தினமும் அரைமணி, கீறல் விழாமல் மெல்லிய துணி போட்டு, பித்தான் இல்லாத சட்டை போட்டு. நல்ல கிட்டாரில் கம்பி தாழ்வாக இருக்கும், அழுத்தவே வேண்டாம், தொட்டால் பேசும், அதில் விரல் திரும்பி வந்துவிடும். பெண்டாட்டியிடம் விற்பேன் என்றும் தன்னிடம் வாசிப்பேன் என்றும் ஒரே பொருளைப் பற்றி ரெண்டு பொய். ரெண்டில் ஒன்று உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்று கணக்கு. மீதி ஒரு பயம்தான். முதுகில் வெட்டியிருக்கிற எண்ணைப் பற்றி வத்சலா கேட்டால்? கனடாவில் இருக்கிற அவள் மகள் ரம்யா அதை நெட்டில் போட்டுத் தேடினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ரயிலில் வாய்க்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தது. 'அது கம்பெனிக்காரன் போடற நம்பர்மா, பீரோவுக்குக்கூடப் போடுவான்.' அலட்சியமாகச் சொல்லவேண்டும். பீரோ என்ற இடத்தில் கொஞ்சம் சிரிக்கவேண்டும்.

"பிடிங்கண்ணா, பிடிங்க, பொணம் கனம் கனக்குது" என்று சொல்லிக்கொண்டே வத்சலா பெட்டியோடு வந்தாள். சொன்ன பிறகுதான் சொன்ன வார்த்தை அவளுக்கு உறைத்தது, ஒரு கணம் நின்று, பிறகு மூக்கால் சிரித்தாள். "என் வாய் இருக்கே. அவர் இருந்தா இன்னேரம் திட்ட ஆரம்பிச்சிருப்பார்." தயாளன் எழுந்து பெட்டியை வாங்கித் தரையில் படுக்க வைத்தான். சுவரில் வேலு மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், ரேஷன் கார்டுக்கு எடுத்த முகம். பார்த்துக்கோ, தொடாத. ரெண்டு தாழ்ப்பாளும் டக், டக் என்று திறந்தன. மூடி எழுந்தது. அடேயப்பா. எட்டு ஆயுத பூஜையிலும் பார்த்ததுதான், இருந்தாலும் அடேயப்பா. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத உடம்பு, சாய்த்தால் ஒன்று, நிமிர்த்தினால் ஒன்று.

"மயில்கழுத்துக் கலர்ல எனக்கு ஒரு பட்டு வாங்கிக் குடுங்கன்னு எட்டு வருஷமாக் கேட்டேன்," என்று வத்சலா தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "இதுக்கு வாங்கியாச்சேன்னுவார். வாரா வாரம் துடைப்பாரு. மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி இருக்குல்ல, அதால. என்னை ஒரு நாள் இப்படித் துடைச்சு வச்சதில்ல."

"வேலுவுக்கு இது மேல ஒரு இது," என்றான் தயாளன்.

"இதுதான். வேறென்ன. அதான் நான் சொல்லிட்டேன் ரம்யாகிட்ட, நெட்ல போடறேன், பேஸ்புக்ல போடறேன்னெல்லாம் ஆரம்பிக்காத, யாரோ எவனோ தூக்கிட்டுப் போறதுக்கு நான் தரமாட்டேன். வாசிக்கத் தெரிஞ்சவர் கைக்குப் போகணும். தயாளண்ணாவைத் தவிர வேற யாரும் இல்லன்னுட்டேன்."

வாசிக்கத் தெரிஞ்சவர். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான், ஒன்றின்மேல் ஒன்றாக, இடது கீழே. கிட்டாரின் நெஞ்சில் இருந்த வெள்ளைத் தகட்டின்மேல் கடையில் ஒட்டிவந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்காமல் இருந்தது. ஓரத்தில் ஒரு குமிழி. அந்தக் குமிழிக்கு மட்டும் ஜெர்மனியில் பத்தாயிரம் கூடும். இப்போது சொல்லிவிடலாம். வத்சலா, இது தொண்ணூறு இல்ல, நாலு லட்சத்துக்கு மேல போகும், நானே வித்துத் தரேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும். அவள் கண் விரியும். அண்ணான்னா அண்ணாதான் என்பாள். ரம்யாவுக்குப் போன் போடுவாள். இவன் வெறுங்கையோடு பதினொன்றரை வண்டியைப் பிடிப்பான், கவரைத் திரும்பக் கொண்டுபோய் பேங்கில் கட்டுவான், அந்தக் கவுண்டர் பெண் என்ன சார் அதுக்குள்ள என்பாள். வருஷத்துக்கு மூணு கச்சேரி, அதிலும் போன வருஷம் ஒன்று; பாட்டுக்கு நடுவில் வரும் வாத்திய இசையை எல்லாம் இப்போது லேப்டாப்பில் வைத்திருக்கிறார்கள், இவன் மேடையில் நின்று விரலை நகர்த்தினால் போதும், ஒலிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. விரல் போனது அதனால்தான் இன்னும் வெளியே தெரியவில்லை. நாலு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து என்ன செய்வது. பிரேமா தையல் மெஷினிலிருந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சொல்லவேண்டாம். எட்டு வருஷம் முன்னால் நான் கேட்டிருந்தால் இது என்னுடையது, கேட்க வாய் வராத ஒரே குற்றம்தான். சொல்லிவிடலாம். அவள் தரையில் உட்கார்ந்து, நரைத்த தலையைச் சாய்த்து, இவன் முகத்தில் சந்தோஷம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து எண்ணுவோம், ஐந்துக்குள் சொல்லவில்லை என்றால் சொல்லவேண்டாம் என்று அர்த்தம். மேடையில் பாட்டு தொடங்க டிரம்ஸ்காரன் குச்சியைத் தட்டி நாலு எண்ணுவான், அதுபோல. நாலுக்குள் எல்லாரும் தயாராகிவிடுவார்கள். ஐந்து ஆயிற்று, ஏழு ஆயிற்று.

எண்ணைப் பார்க்கவேண்டும். ஆசையாகப் பார்ப்பதுபோல் இல்லாமல், கழுத்து நேராக இருக்கிறதா என்று சோதிக்கிறவன்போல. கிட்டாரை எடுத்தான், கண்ணுக்கு நேராக நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், நாக்கைச் சப்புக் கொட்டினான், எல்லாம் நடிப்பு, பிறகு அலட்சியமாகத் திருப்பினான். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் பின்பக்கம் கையகல எவர்சில்வர் தகடு ஒன்று, நாலு மூலையிலும் திருகாணி போட்டு. அதில்தான் 41/60 என்று வெட்டியிருக்கும். மெலிந்த, சாய்ந்த எழுத்து, எட்டுத் தடவை பார்த்தது. தகடு பளபளவென்று இருந்தது. அவன் முகம் அதில் தெரிந்தது. முகத்துக்குக் குறுக்கே எழுதியிருந்தது: 'அமரர் ச. ரத்தினவேல் நினைவாக'. கீழே தேதி. தம்ளரில் இருந்த அதே கை, அதே 'ர', காலை இழுத்துவிட்ட அதே 'ல்'. ஒரு திருகாணியின் தலை சிதைந்திருந்தது.

படித்தான். மறுபடி படித்தான். சில நேரம் தூக்கத்தில் மேடை வரும், கை நிறையக் கிட்டார் இருக்கும், கம்பி இருக்காது, அந்த மாதிரி. தப்பான இடத்தைப் பார்க்கிறேன், வேறு எங்கோ எண் இருக்கும் என்று தலைப்பக்கம் பார்த்தான், அடிப்பக்கம் பார்த்தான், பெட்டிக்குள் இருந்த வெல்வெட்டைக்கூட ஒரு கணம் பார்த்தான். வத்சலா இதற்காகவே காத்திருந்தவள்போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பாத்துட்டீங்களா! நீங்க எப்ப திருப்புவீங்க எப்ப திருப்புவீங்கன்னு இருந்தேன்," என்றாள். "பதினாறுக்குத் தம்ளர் வாங்கப் புரசைவாக்கம் போனோம்ல, அப்ப. பேர் வெட்ட ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. திடீர்னு தோணுச்சு. இதுலயும் ஒரு எவர்சில்வர் இருக்கே, இதுலயும் வெட்டினா என்னன்னு. வீட்டுக்கு ஓடி வந்து மிக்சி திருப்புளியால நானே கழட்டினேன். அய்யோ, கழட்டினதும் கழுத்து லொடக்குன்னு ஆடிடுச்சு. செத்தேன்னு நினைச்சேன். பாவாடை நாடாவால கட்டி வச்சுட்டுப் போனேன்."

"நீங்களேவா."

"நானேதான். பேர் வெட்டறவர் கேட்டார், ஏற்கெனவே ஏதோ கிறுக்கியிருக்கே, அதுக்கு மேலயே வெட்டவா, அழிச்சுட்டு வெட்டவான்னு. சுத்தமா பாலீஷ் போட்டு எடுத்துட்டு அழகா வெட்டுங்கன்னேன். காசே வாங்கலண்ணா அவரு. நூத்திருபது தம்ளர், இது நூத்தி இருபத்தொண்ணு, இத நான் சாமிக்கு வெட்டினதா வச்சுக்கறேன்னுட்டார்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னைக்கு நீங்க வருவீங்க, எல்லார் முன்னாடியும் உங்க கையில சும்மாக் குடுத்துடணும்னு இருந்தேன். நீங்க காய்ச்சல்னுட்டீங்க. அப்புறம் பேசினா, இல்லம்மா, காசு குடுத்துதான் வாங்குவேன், ரசீது எழுதிக் குடுங்கன்னு நிக்கறீங்க. ரம்யாகூடச் சொன்னா, அந்த அங்கிள் எவ்வளவு நேர்மை பாருன்னு."

ரசீது கேட்டது நேர்மைக்காக இல்லை. நாளைக்கு விற்கும்போது ஜெர்மனிக்காரன் கேட்பான், உன்னிடம் எப்படி வந்தது என்று. காசு கொடுத்து வாங்கினேன் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும், அதற்காக. அந்தப் பதினாறாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டவன் அப்படியே எழுந்து வந்திருந்தால் இது சும்மா கிடைத்திருக்கும். இதே தகட்டோடு, இதே பெயரோடு, சும்மா. விலை தேடி உட்காருவதற்கு முன்னாலேயே விலை அழிந்துபோயிருந்தது, புரசைவாக்கத்தில், ர்ர்ர் என்று. எண் போய்விட்டது. இனி இது அறுபதில் ஒன்று இல்லை. நூற்றிருபத்தொன்றில் ஒன்று, அதில் நூற்றிருபது தம்ளர். தகட்டை மட்டும் வேறு வாங்கிப் போட்டால்? போடலாம். வெறும் தகடு கிடைக்கும், எண் கிடைக்காது. பொய்யாக வெட்டினால் பொய் எண். நிஜ நாற்பத்தொன்று புரசைவாக்கத்தில் ஏதோ ஒரு கல்சக்கரத்தில் பொடியாகி, யாரோ பெருக்கித் தள்ளியாகிவிட்டது. இது இப்போது எந்தக் கூடை என்று அவனுக்குத் தெரியும். கீறல் விழுந்தது, உறுப்பு கழற்றியது, எண் அழிந்தது. பிளேயர்ஸ். அந்தக் கூடையில் இது என்ன போகும் என்றும் தெரியும், அதையும் அன்றைக்கே பார்த்திருந்தான். எண்பத்தைந்து. நன்றாக இருந்தால் தொண்ணூறு. அவன் ஏமாற்றச் சொன்ன விலை, அவன் சொல்வதற்கு முன்னாலேயே நியாயமான விலையாகிவிட்டிருந்தது. திருடப் போனவன் கடைக்காரனுக்குச் சரியான சில்லறை கொடுத்துவிட்டு வந்ததுபோல. சிரிக்கலாம்போல் இருந்தது. இந்த மாதிரி ஒன்று நடந்தால் வேலுவிடம்தான் சொல்லவேண்டும், வேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், பிறகு, டேய், என் கிட்டாரா என்று அழுவான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். என்ன சொல்லிப் போவது. இந்தப் பெயர் இருப்பதால் வேண்டாம் என்றா.

"ஒண்ணு வாசிங்கண்ணா," என்றாள் வத்சலா. "இது இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு, சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

வீட்டில் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் இல்லை, வேலு ஆம்ப் வாங்கவே இல்லை, பத்திரத்துக்கு எதற்கு ஆம்ப். தயாளன் கிட்டாரை மடியில் வைத்து, முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தான். காது இன்னும் சரியாக இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. காது சரியாக இருப்பதுதான் கொடுமை. அந்தக் காலத்தில் மேடையில் இவனுக்கென்று ஒரு நாலு வரி இருந்தது, பாட்டின் ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும், அந்த இடம் வந்தால் பின் வரிசையில் விசில் கிளம்பும், வேலு பேஸைத் தாழ்த்தி இவனுக்கு வழிவிட்டு ஓரக்கண்ணால் சிரிப்பான். அதைத் தொடங்கினான். கம்பி தாழ்வாகத்தான் இருந்தது, தொட்டால் பேசும் கிட்டார்தான், ஆனால் தொட்டிருக்கிறோமா என்று விரலுக்குத் தெரியவேண்டும். விரல் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தான். முதல் ரெண்டு ஸ்வரம் வந்தது. மூன்றாவதில் கம்பி முழுதாக அழுந்தவில்லை, 'டப்' என்று செத்தது. மறுபடி எடுத்தான். மறுபடி அதே இடம், 'டப்'. நிறுத்தாமல் மிச்சத்தை வாசித்து முடித்தான். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார். தகர டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டி மீட்டியதுபோல் அந்த நாலு வரியும் அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலேயே விழுந்தன. அடுப்படியில் குழாய் சொட்டுவது அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

வத்சலா இன்னும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"இவ்வளவுதானாண்ணா சத்தம்?"

"கரன்ட் இல்லாம இவ்வளவுதாம்மா."

"அது சரி," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்துச்சு. நடுவுல டப்பு டப்புன்னு ஒண்ணு வந்துச்சே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

பாட்டில் இருந்ததோ இல்லையோ அவளுக்குத் தெரியாது. இப்போது வாசிக்கலாம், துணி போடவேண்டாம், பித்தான் சட்டையோடு வாசிக்கலாம், பிளாஸ்டிக் தாளை உரித்து எறியலாம், கீழே போட்டாலும் ஒன்றும் குறையாது. இனி இது வாசிக்க மட்டுமே ஆகிற பொருள். வாசிக்க ஆள்தான் இல்லை. சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினான். வத்சலா அதைப் பிரிக்காமல் எழுந்துபோய் வேலுவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். ரசீது தயாராக எழுதி வைத்திருந்தாள், குண்டு குண்டான பள்ளிக்கூட எழுத்தில். அதை நாலாக மடித்து, கவர் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டான். பெட்டிக்குள் கிட்டாரைப் படுக்க வைத்தான், முகம் மேலே, முதுகு கீழே. தாழ்ப்பாள் போட்டான். வத்சலா ஒரு துணிப்பையில் தம்ளர் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குன்னு எடுத்து வச்சது," என்று கொடுத்தாள். கொடுத்த பிறகும் பையின் காதை விடவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அந்தத் தகட்டுல ஏதோ நம்பர் இருந்துச்சு. நாப்பத்தொண்ணுன்னு என்னமோ. அழிச்சுட்டேன். அவரு சில நேரம் அதத் தடவிப் பார்த்துட்டு உக்காந்திருப்பாரு. அது ஏதாவது முக்கியமாண்ணா?"

தயாளன் பெட்டியைத் தூக்கினான். கைப்பிடியில் போன வருஷத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அது கம்பெனிக்காரன் போடற நம்பர்மா," என்றான். "பீரோவுக்குக்கூடப் போடுவான்."

பீரோ என்ற இடத்தில் கொஞ்சம் சிரித்தான்.

"அப்பாடா," என்றாள் வத்சலா. பையை விட்டாள்.

லிப்ட் வேலை செய்யவில்லை. வலது கையில் பெட்டி, இடது கையில் பை. முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, பெட்டியைக் கீழே வைத்து, பையை வலது கைக்கு மாற்றி, அதற்குள் இடது கையை விட்டுத் தம்ளரைச் சுற்றிலும் தடவினான். மெதுவாக, ஒரு முழுச் சுற்று. எங்கேயும் எழுத்து இல்லை.